வண்டி நம்பரை அடித்ததும் தனியார் ஆப்பில் என் விவரமெல்லாம் வருகிறதே, அரசு விற்கிறதா?

விற்றது. மொத்தமாக விற்கும் திட்டத்தை 2020-இல் கைவிட்டது. ஆனால் இன்சூரன்ஸ் ஆப்பில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் வேறு வாசல் வழியாக வருவது.

ஆர்டிஓ அலுவலகங்களில் பதியும் வண்டி விவரம் 'வாகன்' தரவுத்தளத்திலும், லைசென்ஸ் விவரம் 'சாரதி'யிலும் சேர்கிறது. 2019 மார்ச்சில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மொத்தத் தரவுப் பகிர்வுக் கொள்கை ஒன்றைக் கொண்டுவந்தது. நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், கல்வி நிறுவனங்களுக்கு 5 லட்சம். 87 தனியார் அமைப்புகளுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் இந்தத் தரவுத்தளங்களைப் பார்க்க அனுமதி தந்ததில் 65 கோடி ரூபாய் வந்ததாக அதே ஆண்டு ஜூலையில் அமைச்சர் நிதின் கட்கரி மாநிலங்களவையில் சொன்னார். வேறு தரவுகளோடு பொருத்திப் பார்த்தால் ஆள் இன்னார் என்று கண்டுபிடிக்கலாம் என்ற ஆபத்தை அந்தக் கொள்கை ஆவணமே ஒப்புக்கொண்டிருந்தது, தெரிந்தேதான் விற்றார்கள். தனியுரிமைக் கவலையால் 2020 ஜூனில் ரத்து. ரத்து என்பது இனிமேல் கொடுப்பதற்குத்தான். ஏற்கெனவே வாங்கியவர் கையில் இருக்கும் பிரதி அதனால் தானாக அழிந்துவிடாது.

இன்னொரு வாசல், ஒரு நம்பர் கேட்டால் ஒரு பதில் தரும் ஏபிஐ இணைப்பு. பாலிசி போட எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர், பதிவுத் தேதி வேண்டும். கடன் கொடுக்கும் வங்கி, வண்டி மேல் வேறு அடமானம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தத் தேவைகள் நியாயமானவைதான். தவிர, அரசின் எம்பரிவாகன் ஆப்பில் யார் வேண்டுமானாலும் எந்த வண்டியின் நம்பரையும் அடித்து மாடல், எரிபொருள், பதிவுத் தேதி, இன்சூரன்ஸ் முடியும் நாள் ஆகியவற்றைப் பார்க்கலாம். உரிமையாளர் பெயரில் பாதி எழுத்து நட்சத்திரக் குறியாக மறைந்திருக்கும். போன் நம்பர் வராது.

இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. "பாலிசி முடியப்போகுது சார்" என்று போன் வந்தால் அந்த போன் நம்பர் இந்தப் பொதுத் தேடலில் கிடைத்ததல்ல. ஷோரூமில் எழுதிக்கொடுத்த படிவம், விலை ஒப்பிட்டுப் பார்த்த இணையதளம், பழைய பாலிசி ஏஜென்ட், இவற்றில் ஒன்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு 3 ஆண்டு, புது பைக்குக்கு 5 ஆண்டு தேர்ட் பார்ட்டி காப்பீடு கட்டாயம். சொந்தச் சேதக் காப்பீட்டைப் பலர் ஓராண்டுக்குத்தான் எடுக்கிறார்கள். அதனால்தான் வண்டி வாங்கிய பதினோராவது மாதம் போன் தொல்லை.

உங்கள் கையில் இருப்பது என்ன? முதலில், ஆர்சி புத்தகத்தைப் படம் எடுத்து விற்பனைத் தளத்திலோ வாட்ஸ்அப் குழுவிலோ போடாதீர்கள். அரசின் போக்குவரத்துச் சேவை இணையதளமான பரிவாகனில் பல சேவைகளுக்குள் நுழைய வண்டி நம்பரோடு சேசிஸ் நம்பரின் கடைசி ஐந்து எழுத்துகளைத்தான் கேட்கும். அந்த ஐந்தும் படத்தில் இருக்கிறது. வீட்டுச் சாவியைப் படம் எடுத்துப் போடுவது போல. வாங்குபவர் கேட்டால் சேசிஸ், எஞ்சின் நம்பர்களையும் முகவரியையும் மறைத்து அனுப்புங்கள். நேரில் வந்தால் முழுதாகக் காட்டலாம்.

அடுத்து, வாகனில் பதிந்திருக்கும் மொபைல் நம்பர் உங்களுடையதுதானா என்று பாருங்கள். டீலரோ புரோக்கரோ தன் நம்பரைப் போட்டிருந்தால் ஓடிபி, செலான் தகவல் எல்லாம் அவருக்குப் போகும், உங்களுக்கு எதுவும் தெரியவராது. பரிவாகன் தளத்திலேயே மாற்றலாம். ஆர்சியைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்: முழு சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர், பதிவுத் தேதி கேட்கும். ஓர் எழுத்து பிசகினாலும் ஏற்காது.

கடன் முடிந்த வண்டி என்றால் வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் கொடுத்து அடமானப் பதிவை நீக்க வேண்டும். கடன் அடைந்ததாலேயே அது தானாக நீங்கிவிட்டது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

வண்டியை விற்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்களைப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டுப் போனால் பதிவேட்டில் உரிமையாளர் நீங்களேதான். விபத்து நடந்தால் நஷ்டஈட்டுப் பொறுப்பு பதிவில் உள்ளவர் மேல்தான் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் வண்டி கைமாறியதை அறிவிக்கும் படிவம் 29, 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குப் போக வேண்டும். வாங்குபவர், பதிவைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்கும் படிவம் 30 தர வேண்டும். அங்கீகாரம் பெற்ற பழைய வண்டி டீலரிடம் விட்டால் வண்டியை டீலரிடம் ஒப்படைத்ததை அறிவிக்க 2023 ஏப்ரல் முதல் படிவம் 29சி உண்டு. அதை ஆன்லைனில் பதிந்து, ஒப்புகையைக் கையில் வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள்.

கடைசியாக, உங்கள் பெயரும் வண்டி நம்பரும் சரியாகப் போட்டு வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்போடு (திறந்தால் போனில் ஆப்பை நிறுவும் கோப்பு) "டிராபிக் செலான்" வந்தால், விவரம் சரியாக இருப்பதாலேயே நம்பிவிடாதீர்கள். மேலே சொன்ன அத்தனை வழிகளிலும் அந்த விவரம் வெளியே திரிகிறது. கோப்பைத் திறக்காமல், இ-செலான் பரிவாகன் தளத்தை நீங்களே திறந்து வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே நிறுவிவிட்டால் போனில் நெட்டை அணைத்து, வேறு போனிலிருந்து வங்கிக்கும் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கும் உடனே சொல்லுங்கள்.