“விதைச்சேன், அறுத்தேன்” என்பதோடு நிறுத்திக்கொள்ளும் அப்பா

கேள்வி: மன்னார்குடிக்கு அருகே ஒரு சிற்றூர் எங்களுடையது. அப்பாவுக்கு எண்பது வயது நிறைவதால் திருக்கடையூரில் சதாபிஷேகம் செய்யவிருக்கிறோம். அதையொட்டி அவருடைய வாழ்க்கையைச் சிறு நூலாக அச்சிட்டு உறவினர்களுக்குக் கொடுக்க எண்ணுகிறேன். பதினைந்து வயதில் ஏர் பிடித்தவர். குத்தகைச் சாகுபடியில் தொடங்கி, ஐந்து ஏக்கரைச் சொந்தமாக்கி, எங்கள் மூவரையும் படிக்க வைத்தார். ஆனால் கேட்டால், “நான் என்னம்மா பெரிசா செஞ்சுட்டேன்? விதைச்சேன், அறுத்தேன்” என்பதோடு முடித்துக்கொள்கிறார். கடன்பட்ட கதைகளை எழுதவே கூடாது என்கிறார் அண்ணன். நான் எப்படி எழுதுவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அப்பா தன்னடக்கத்தால் அப்படிச் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. வாழ்க்கையைச் சொல்லுங்கள் என்று ஒரு விவசாயியிடம் கேட்டால், எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்குப் பிடிபடாது. வயலைப் பற்றிக் கேட்டால் நிறுத்தமாட்டார். ஆகவே கைப்பேசியை எதிரில் வைத்துத் திண்ணையில் உட்கார வைக்காதீர்கள். காலையில் அவர் மடை பார்க்கப் போகும்போது வரப்பில் கூடவே நடந்து போங்கள். ஒவ்வொரு வயலுக்கும் வீட்டில் வழங்கும் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயர் ஏன் வந்தது, அது முன்பு யாருடைய நிலம், எத்தனை மா (மூன்று மா ஓர் ஏக்கர்), குத்தகை நெல் எத்தனை கலம் அளந்தார், எந்த வயலுக்குத் தண்ணீர் கடைசியில் ஏறும், அதனால் யாரோடு சச்சரவு வந்தது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள். உங்கள் ஐந்து ஏக்கர் பதினைந்து மா அளவுக்கு வரும். அந்தப் பதினைந்து மாவும் ஒரே நாளில் வந்திருக்காது என்பதால், எது எந்த வெள்ளாமையில் வந்தது என்று கேட்டாலே நூலின் பாதி கிடைத்துவிடும்.

ஆண்டுகளைக் கேட்டு அவரைத் திணற வைக்காதீர்கள். “புயல் அடிச்ச வருஷம்”, “தண்ணி வராத வருஷம்” என்றுதான் அவர் கணக்கு வைத்திருப்பார். அதை ஆண்டாக மாற்றுவது உங்கள் வேலை. 1952 நவம்பர் இறுதியில் நாகப்பட்டினம் அருகே கரையேறிய புயலின்போது அவர் சிறுவர். 1977 நவம்பர் புயலின்போது குடும்பஸ்தர். உங்கள் அண்ணன் பிறந்தது அதற்கு முன்பா பின்பா என்று அம்மாவைக் கேட்டால் பல நிகழ்ச்சிகளின் வரிசை சரியாகிவிடும். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் மேட்டூர் அணை பாசனத்துக்காக வழக்கமான ஜூன் 12-இல் திறக்கப்படவே இல்லை. அந்தத் தண்ணீரை நம்பிய குறுகிய காலக் குறுவைப் பயிரை அவர் என்ன செய்தார், பம்புசெட்டை நம்பி நாற்று விட்டாரா, அடுத்து வரும் சம்பாவோடு நின்றாரா என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். 2018 நவம்பர் 16-இல் கரையைக் கடந்த கஜா புயலில் உங்கள் பக்கத்துத் தென்னைகள் பட்ட பாட்டை நீங்களே அறிவீர்கள்.

அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் தஞ்சை மாவட்டக் குறுவையில் பரவியபோது அவருக்கு இருபது வயதை ஒட்டி இருந்திருக்கும். புது விதையையும் உர மூட்டையையும் பார்த்து அவருடைய அப்பா என்ன சொன்னார், வீட்டில் அதை ஒப்புக்கொண்டது யார் என்று கேளுங்கள். தலைமுறைச் சண்டை நம் காலத்தில்தான் வந்தது என்று நினைக்கும் உங்கள் பிள்ளைகள் படிக்க வேண்டிய பகுதி அதுவாகத்தான் இருக்கும். உழவு மாடுகளை விற்று டிராக்டரை வாடகைக்கு அமர்த்திய ஆண்டையும் விட்டுவிடாதீர்கள். கடைசி ஜோடியை ஓட்டிப் போனவர் யார், எந்தச் சந்தையில் விலை பேசினார்கள் என்பது வரை அவருக்கு நினைவிருக்கும்.

பேச்சு நின்றுபோகும் இடத்தில் காகிதம் உதவும். பெட்டியில் இருக்கும் பத்திரம், நில உரிமையைக் காட்டும் சிட்டா, கூட்டுறவுச் சங்கக் கடன் ரசீது, நகை அடகுச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்து அவர் முன்னால் வையுங்கள். குத்தகைதாரரை நினைத்தபோது வெளியேற்ற முடியாதபடி செய்த சட்டம் 1955-இலும், குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்றும் சட்டம் 1969-இலும் வந்தன. அந்தப் பதிவேட்டில் தம் பெயரை ஏற்ற அவர் எழுதிக் கொடுத்தாரா, அல்லது நிலக்காரரின் முகத்துக்காக விட்டுக்கொடுத்தாரா என்பதைக் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பதிலில், தம் உரிமையையும் ஊர் உறவையும் அவர் எப்படி நிறுத்துப் பார்த்தார் என்பது வெளிப்படும்.

அம்மாவைத் தனியாகக் கேளுங்கள்; அப்பா பக்கத்தில் இருந்தால், “அவுகளையே கேளு” என்று சொல்லிவிடுவார். நாற்றுப் பறிக்கும் இடத்துக்குச் சோறு எடுத்துக்கொண்டு போனதும், பால் விற்ற காசில் வீட்டுச் செலவைத் தள்ளியதும், சங்கிலி எத்தனை முறை அடகுக்குப் போய் மீண்டது என்பதும் அவரிடம்தான் இருக்கும். நூல் ‘அப்பாவின் வாழ்க்கை’ என்ற பெயரில் வந்தாலும், அதில் கால் பங்கேனும் அம்மா சொன்னதாக இல்லையென்றால் அது அரைகுறைதான்.

இன்னொரு பகுதியினரையும் கேட்க வேண்டும். உங்கள் வயலில் நட்டவர்களும் அறுத்தவர்களும் உங்கள் தெருக்காரர்களாக இருந்திருக்க மாட்டார்கள். களத்தில் கூலியை மரக்காலால் அளந்த நாளில் அந்த அளவு நியாயமாக இருந்ததா என்பதை அப்பாவிடம் கேட்டால் ஒரு பதிலும், அவர்களிடம் கேட்டால் இன்னொரு பதிலும் வரலாம், இரண்டையும் எழுதுங்கள். 1968 டிசம்பர் 25 இரவு, கூலிப் போராட்டத்தின் தொடர்ச்சியாகக் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டபோது, உங்கள் அப்பா அதே மாவட்டத்தில் ஏர் பிடித்துக்கொண்டிருந்த இளைஞர். மறுநாள் உங்கள் ஊரில் என்ன பேசினார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவர் பேச விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

கடன் விஷயத்தில் நான் உங்கள் அண்ணன் பக்கம் இல்லை. கடனை நீக்கிவிட்டால், மழை பொய்த்த ஓர் ஆண்டில் உங்களுக்கு எப்படிக் கல்லூரிக் கட்டணம் கட்டினார் என்பதை எவ்வாறு விளக்குவீர்கள்? சம்பளக்காரர் வாங்கும் வீட்டுக் கடனைப் பெருமையாகச் சொல்கிறோம். விவசாயி வாங்கிய பயிர்க் கடனை மட்டும் ஏன் மறைக்க வேண்டும் என்பது எனக்கு என்றுமே விளங்கியதில்லை. ஆனால் முடிவு அண்ணனுடையதும் அன்று, உங்களுடையதும் அன்று, அப்பாவுடையது. எந்த ஆண்டு, எதற்காக, எந்த அறுவடையில் அடைந்தது என்பதை அவர் ஒப்புதலோடு எழுதுங்கள். கடன் கொடுத்தவர் உறவினராகவோ அக்கம்பக்கத்தவராகவோ இருந்தால், அவர் பிள்ளைகளும் அந்த விழாவுக்கு வருவார்கள்; பெயரை விட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. ‘உழைப்பின் சிகரம்’, ‘பாசத்தின் இமயம்’ போன்ற தொடர்களைப் பிளக்ஸ் போர்டுக்காரரிடமே விட்டுவிடுங்கள். அப்பா பேசிய வட்டார வழக்கைத் திருத்தாமல் எழுதி, பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். அச்சகத்துக்குத் தேதி சொல்லும் முன், முழுவதையும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டுங்கள். படிக்கும்போதுதான் “அந்த வயல் இல்லம்மா, மேலத் துண்டு” என்று திருத்தம் வரும்; அதுவரை சொல்லாத இன்னும் சிலவும் அப்போதுதான் வரும். அவற்றைச் சேர்ப்பதற்கு இரண்டு வாரமாவது கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.