அலமாரியில் துப்பாக்கி, என் பையில் சாவி

கேள்வி: மேடம், எனக்கு ஊர் தூத்துக்குடிப் பக்கம். ஒர்க் விசாவில் வந்து இரண்டு வருஷமாக டர்பனில் வேலை பார்க்கிறேன். சாட்ஸ்வர்த்தில் ஒரு வீட்டு மாடியை மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கிறோம். கீழே வீட்டுக்கார அம்மா குடும்பம். எங்களில் மூத்தவரான அண்ணன் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். 2021 ஜூலை கலவரத்துக்குப் பிறகு லைசென்ஸ் எடுத்து ஒரு 9 எம்.எம். பிஸ்டல் வாங்கினாராம். போன வருஷம்தான் எங்களோடு சேர்ந்தார். சேஃப் பெட்டி வைத்திருக்கிறார். ஆனால் சுவரில் ஓட்டை போடக்கூடாது என்று வீட்டுக்கார அம்மா சொல்லிவிட்டதால், அது துணி அலமாரிக்குள் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அவர் குளிக்கப் போனால் பிஸ்டல் ஃபிரிட்ஜ் மேல் கிடக்கும். போன மாதம் ஜோகன்னஸ்பர்க் போனபோது சேஃப் சாவியை என்னிடம் கொடுத்து, "தம்பி, பாத்துக்கோ" என்றார். இன்னும் திருப்பி வாங்கவில்லை. அந்த அம்மாவின் ஏழு வயதுப் பேரன் டிவி பார்க்க மேலே வருவான். போலீஸ் வந்தால் நான் மாட்டுவேனா? அம்மாவிடம் சொன்னால் எங்கள் மூவரையும் காலி பண்ணச் சொல்லிவிடுவார்களா?

பதில்:

தம்பி, மற்றதெல்லாம் இருக்கட்டும், அந்தச் சாவியை இன்று ராத்திரிக்குள் அண்ணன் கையில் கொடுத்துவிடுங்கள். ஏன் என்று இனி சொல்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் துப்பாக்கி விவகாரத்தை ஆள்வது 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் சட்டம், அதாவது ஃபயர்ஆர்ம்ஸ் கன்ட்ரோல் ஆக்ட். அதன்படி லைசென்ஸ் என்பது ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. அண்ணனிடம் லைசென்ஸ் இருப்பதால் அந்த மாடியில் குடியிருக்கும் மற்ற இருவருக்கும் அது குடை பிடிக்காது. லைசென்ஸ் இல்லாதவர் வசம் துப்பாக்கி இருந்தால் அது குற்றம். அது யாருக்குச் சொந்தம், எங்கே வாங்கியது என்பதெல்லாம் அப்புறம்தான்.

உங்கள் நிலைமை இன்னும் கொஞ்சம் மோசம். துப்பாக்கி லைசென்ஸுக்கு முன்னால் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதைக் கேட்க நீங்கள் இந்நாட்டுக் குடிமகனாகவோ நிரந்தர வசிப்பு அனுமதி பெற்றவராகவோ இருக்க வேண்டும். ஒர்க் விசா போதாது. ஒரே வீட்டில் குடியிருப்பவருக்கு அதே துப்பாக்கிக்குக் கூடுதல் லைசென்ஸ் தர 12ஆம் பிரிவு இடம் தருகிறது. உங்கள் இன்னொரு அறைத்தோழர் இந்த ஊர்க்காரர் என்றால், தகுதிச் சான்றிதழ் எடுத்து அந்த வழியில் போகலாம். உங்களுக்கு அந்தக் கதவும் இப்போது சாத்தியே இருக்கிறது. அண்ணன் உங்களை ஷூட்டிங் ரேஞ்சுக்குக் கூட்டிப்போய், பக்கத்திலேயே நின்று இரண்டு ரவுண்டு சுட வைப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. பெட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போவதை அனுமதிக்கவில்லை.

"நான் அதைத் தொட்டதே இல்லையே மேடம்" என்பீர்கள். நம்புகிறேன். ஆனால் ஒரு பொருள் ஒருவர் வசம் இருந்ததா என்று பார்க்கும்போது கோர்ட் இரண்டு விஷயங்களைக் கேட்கும். அதன் மேல் அவருக்குக் கட்டுப்பாடு இருந்ததா? அதைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்ததா? கையில் பிடித்திருக்க வேண்டும் என்றே இல்லை. பூட்டிய பெட்டியின் சாவி உங்கள் பையில், பெட்டி உங்கள் வீட்டில், சொந்தக்காரர் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். "பாத்துக்கோ" என்றதற்கு நீங்கள் "சரி அண்ணா" என்று தலையாட்டியிருக்கிறீர்கள். அரசு வக்கீலுக்கு இதைவிட வசதியான சாட்சியம் வேண்டாம்.

இதில் பயமுறுத்தும் பகுதி ஒன்று இருக்கிறது, மறைக்க மாட்டேன். 9 எம்.எம். பிஸ்டல் பெரும்பாலும் செமி ஆட்டோமேட்டிக் வகை. லைசென்ஸ் இல்லாமல் அந்த வகையை வைத்திருந்தால், 1997ஆம் ஆண்டின் 105ஆம் எண் சட்டப்படி முதல் குற்றத்துக்கே 15 ஆண்டு குறைந்தபட்சத் தண்டனை பேச்சுக்கு வரும். கணிசமான, வலுவான காரணங்கள் இருந்தால் நீதிபதி அதற்குக் கீழே இறங்கலாம். உங்களைப் போன்ற ஒருவருக்கு அப்படிக் காரணங்கள் காட்ட முடியும் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த வாதத்தைச் செய்யும் நிலைக்கே போகக்கூடாது. நாளைக்கு நிரந்தர வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பித்தால் போலீஸ் சான்றிதழ் கேட்பார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

சரி, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்புறமும் போலீஸ் வந்து ஃபிரிட்ஜ் மேல் பிஸ்டலைப் பார்த்தால்? இந்த இடத்தில் பழைய கதை ஒன்று உதவும். 1969ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஓர் அனுமானத்தை வைத்திருந்தது: ஒரு வீட்டில் துப்பாக்கி கிடைத்தால், அங்கே இருந்தவர் தன் வசம் அது இல்லை என்று நிரூபிக்க வேண்டும். 1996 பிப்ரவரியில் எம்பாதா வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. குற்றத்தை நிரூபிப்பது அரசின் வேலை, குற்றமற்றவன் என்று காட்டுவது உன் வேலை இல்லை என்பதுதான் தீர்ப்பின் சாரம். இப்போதைய சட்டத்தின் 117ஆம் பிரிவில் அந்த அனுமானம் கொஞ்சம் இளைத்துத் திரும்பி வந்திருக்கிறது. நியாயமான முயற்சி எடுத்தும் வேறு யாரோடும் அந்தத் துப்பாக்கியைத் தொடர்புபடுத்த முடியவில்லை என்று அரசு முதலில் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் குடியிருப்பவர் பக்கம் திரும்பலாம். அப்போதும் நியாயமான சந்தேகம் எழுப்பினாலே போதும். உங்கள் விஷயத்தில் துப்பாக்கி யாருடையது என்பது லைசென்ஸிலேயே அச்சடித்திருக்கிறது. கூட இருப்பவரிடம் துப்பாக்கி இருப்பது தெரியும் என்பதற்காக மட்டும் ஒருவரைக் கூட்டு உடைமைக்காரர் ஆக்க முடியாது என்பதையும் மேல்முறையீட்டு நீதிமன்றம் எம்புலி வழக்கில் தெளிவாக்கிவிட்டது. ஆகவே சாவியும் தொடர்பும் இல்லாத அறைத்தோழராக நீங்கள் கிட்டத்தட்ட பத்திரம்.

போலீஸ் வந்தால் ஒன்று செய்யுங்கள், ஒன்று செய்யாதீர்கள். "அது இன்னாருடையது, அங்கே இருக்கிறது" என்று வாயால் சொல்லுங்கள். உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு எடுத்து நீட்டாதீர்கள். கைது செய்தால் பேசாமல் இருக்கவும் வக்கீலைக் கேட்கவும் அரசியலமைப்பின் 35ஆம் பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது. அது விசாக்காரருக்கும் உண்டு.

இனி அண்ணன் பக்கம். உண்மையில் இந்த வீட்டில் பெரிய சிக்கல் அவருக்குத்தான். துப்பாக்கி அவர் உடம்போடு, அவருடைய நேரடிக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இந்நாட்டுத் தரநிர்ணய அமைப்பின் தரமுள்ள சேஃபில் இருக்க வேண்டும்: சேஃப் வாங்கும்போது அதன் கதவில் 953 என்ற தர எண் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அந்தத் தரமுள்ள சேஃபில்தான் பூட்டி வைக்க வேண்டும், அந்த சேஃப் சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும். காரணம் எளிது. பொருத்தாத கைத்துப்பாக்கி சேஃபைத் திருடன் தலையணை உறைக்குள் போட்டுத் தூக்கிக்கொண்டு போய், வீட்டில் வைத்து நிதானமாக உடைப்பான். அலமாரியின் பிளைவுட் பலகையில் நாலு ஸ்க்ரூ அடிப்பதும் அதே கதைதான். செங்கல் அல்லது கான்கிரீட் வேண்டும்.

குளிக்கும் பத்து நிமிஷம்? துண்டோடு உள்ளே போனவரின் நேரடிக் கட்டுப்பாட்டில் ஃபிரிட்ஜ் மேல் இருக்கும் பிஸ்டல் இல்லை. 120ஆம் பிரிவு, 8ஆம் உட்பிரிவு இதற்கென்றே எழுதியது போல இருக்கும்: பூட்டி வைக்கத் தவறுவது குற்றம். அப்படித் தவறியதால் துப்பாக்கி களவு போனால் அதுவும் குற்றம். சேஃப் சாவியைப் பத்திரமாக வைக்காததால் களவு போனாலும் குற்றம். களவு போனது தெரிந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்லாவிட்டால் அது இன்னொன்று. அந்தப் பையன் நாற்காலி போட்டு ஏறி எடுத்து ஏதாவது ஆகிவிட்டால், பேச்சு இந்தச் சட்டத்தோடு நிற்காது, கவனக்குறைவால் உயிர்ச்சேதம் என்ற வழக்குக்குப் போகும். ஏழு வயதுப் பிள்ளைக்கு ஃபிரிட்ஜ் ஒன்றும் உயரம் இல்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துகிற இடம் ஒன்று. லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும்போதே சேஃப் பற்றிக் கேட்பார்கள். அலமாரிக்குள் சும்மா வைத்த பெட்டியைப் பார்த்துவிட்டு காவல் நிலையத்தில் துப்பாக்கி லைசென்ஸ் வேலையைப் பார்க்கும் எந்தத் துப்பாக்கி அதிகாரியும் சரி என்றிருக்க மாட்டார். அப்படியானால் அண்ணன் பழைய வீட்டு விலாசத்தில், அங்கே சுவரில் பொருத்திய சேஃபைக் காட்டி லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும். வீடு மாறினால் 30 நாளைக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். செய்தாரா என்று கேளுங்கள். தற்காப்பு லைசென்ஸின் ஆயுள் 5 ஆண்டு, முடிவதற்கு 90 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பம் போக வேண்டும் என்பதையும் அப்படியே நினைவுபடுத்துங்கள். கலவரத்துக்குப் பிறகு வாங்கியவர்களில் பலர் தேதியைப் பார்க்காமலே விட்டிருக்கிறார்கள். அவர் அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருக்கக்கூடாது.

அவர் வெளியூர் போகும்போது என்ன செய்வது? போல்ட் போட்ட சேஃபில் பூட்டி, சாவியைத் தன்னோடு எடுத்துப் போகட்டும். அவ்வளவுதான். வேறொருவர் பொறுப்பில் விடுவதானால், அந்த ஆளும் லைசென்ஸ்தாரராக இருக்க வேண்டும், எழுத்தில் அனுமதி கொடுத்து அதில் துப்பாக்கி அதிகாரியின் ஒப்புதலும் வாங்க வேண்டும். சில துப்பாக்கிக் கடைக்காரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு சேமிப்பில் வைத்துக்கொள்வதும் உண்டு.

தோட்டாவையும் மறக்காதீர்கள். பொருந்தும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் இல்லாதவர் ஒரே ஒரு தோட்டாவை வைத்திருந்தாலும் குற்றம். ஒருமுறை ஓர் அம்மா, காலமான கணவரின் மேஜையில் கிடந்ததாகச் சொல்லி, பிஸ்கட் டப்பா ஒன்றை என் மேஜை மேல் வைத்தார். மூடியைத் திறந்தால் மேலே விபூதிப் பொட்டலம், கீழே பச்சை பிடித்த முப்பது தோட்டா. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்! நான் காவல் நிலையத்துக்குப் போன் போட்டு, அவர்களை வரவழைத்துத்தான் ஒப்படைத்தோம். உங்கள் சமையலறை டிராயரில் பேட்டரியோடும் ரப்பர் பேண்டோடும் ஒன்றிரண்டு உருண்டு கிடந்தால், அதை அண்ணனே எடுத்து சேஃபில் வைக்கட்டும்.

வீட்டுக்கார அம்மா விஷயம். சுவரில் ஓட்டை கூடாது என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு, சுவர் அவருடையது. என் வீட்டில் துப்பாக்கியே கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதவும் உரிமை உண்டு. ஆயுதம் வைத்திருப்பது இந்த நாட்டில் அரசியலமைப்பு தந்த உரிமை இல்லை. ஆனால் விஷயம் தெரிந்ததும் பெட்டி படுக்கையைத் தெருவில் வைக்கவோ பூட்டை மாற்றவோ அவருக்கு முடியாது. கோர்ட் உத்தரவு இல்லாமல் யாரையும் குடியிருக்கும் வீட்டிலிருந்து வெளியேற்றக்கூடாது என்று அரசியலமைப்பின் 26ஆம் பிரிவே சொல்கிறது. மீறினால் டர்பனில் உள்ள வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்தில் புகார் கொடுக்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

ஆனாலும் அவரிடம் சொல்லாமல் இருப்பது சரி என்று எனக்குத் தோன்றவில்லை. பேரன் வந்துபோகும் வீடு. தனக்குத் தெரியாமலே தலைக்கு மேல் ஒரு துப்பாக்கி என்று பின்னால் தெரிந்தால் எந்தப் பாட்டி பொறுப்பார்? சொல்ல வேண்டியது நீங்கள் இல்லை, அண்ணன். அனுமதியை எழுத்தில் கேட்கட்டும்: அலமாரிக்குள், வெளியே தெரியாத இடத்தில், சுவரில் நாலு போல்ட், காலி செய்யும்போது அடைத்து வண்ணம் பூசித் தருவேன் என்று. "ஓட்டை போடலாமா?" என்று கேட்டால் மாட்டேன் என்பவர், எதற்கு என்று தெரிந்தால் சரி என்று சொல்ல வாய்ப்பு அதிகம். முடியாது என்றே சொல்லிவிட்டால், துப்பாக்கி அந்த மாடியில் இருக்க முடியாது. அண்ணன் அதை வேறு இடத்தில் வைக்க வேண்டும் அல்லது தானே வீடு மாற வேண்டும். நடுவழி இல்லை.

அண்ணன் இதற்கெல்லாம் சிரித்து மழுப்பினால், காவல் நிலையத்தில் துப்பாக்கி அதிகாரியிடம் சொல்லலாம். பாதுகாப்பாக வைக்கத் தவறியவரைத் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியற்றவர் என்று அறிவிக்க 102ஆம் பிரிவில் வழி இருக்கிறது. மிரட்டும் தொனியில் அவர் பேசினாலோ குடித்துவிட்டு அதைக் கையில் எடுத்தாலோ யோசிக்கவே வேண்டாம், உடனே போங்கள். நீங்களே விலக நினைத்தால், ஒப்பந்தக் காலம் முடிந்து மாதா மாதம் ஓடும் வாடகைக்கு ஒரு மாத எழுத்து நோட்டீஸ் போதும். டெபாசிட்டும் அதன் வட்டியும், கழிக்க ஏதும் இல்லை என்றால், 7 நாளில் திரும்ப வர வேண்டும்.

சாவியைக் கொடுத்த கையோடு வாட்ஸ்அப்பில் அண்ணனுக்கு ஒரு வரி போடுங்கள்: "அண்ணா, உங்கள் சேஃப் சாவியை இன்று உங்கள் கையில் கொடுத்துவிட்டேன், இனி என்னிடம் வைக்க வேண்டாம்." அவர் "ஓகே" என்று போட்டதும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, விசா காகிதங்களை வைத்திருக்கும் இடத்திலேயே சேர்த்து வையுங்கள்.