வட்டிக்கடைதான் கலகத்தைக் கிளப்பியதா?

யாங்கூனிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: “மகள் சாயா சான் கிளர்ச்சி (ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராகச் சாயா சான் தலைமையில் பர்மா உழவர்கள் நடத்தியது) பற்றிக் கட்டுரை எழுதுகிறாள். ‘செட்டியார்கள் நிலத்தைப் பிடுங்கியதால் புரட்சி வந்தது’ என்று ஆரம்பித்திருக்கிறாள். அப்படியே விடலாமா?”

விடாதீர்கள் அம்மா, தேதி இடிக்கிறது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்தது சுமார் 6 விழுக்காடு நிலம். அது 25 விழுக்காட்டை எட்டியது 1930களின் பிற்பாதியில். கீழ் பர்மாவின் தாராவடி மாவட்டத்தில் கிளர்ச்சி வெடித்ததோ 1930 டிசம்பரில்.

பணக்காரன், ஏழை வித்தியாசம் அதற்கு முன்பும் இருந்ததுதான். அந்த வருஷம் மட்டும் என்ன வந்தது? ஓர் உழவர் வீட்டுக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். கல்யாணமான ஆணுக்குத் தலைவரி வருஷத்துக்கு 5 ரூபாய், தனியாளுக்கு இரண்டரை. உலக மந்தத்தில் நெல் விலை மளமளவென்று சரிந்தது; வரியோ அதே 5 ரூபாய். விலை பாதியானால், போன வருஷம் நாலு கூடை நெல் விற்றுக் கட்டியவர் இப்போது எட்டுக் கூடை விற்க வேண்டும். வட்டியும் ரூபாய்க் கணக்குதான். அப்புறம் விதைநெல்லில்தான் கை வைக்க வேண்டும். வரியைத் தள்ளிப்போடக் கேட்டார்கள்; தற்காலிக ஆளுநர் மறுத்துவிட்டார். கிளர்ச்சிக்காரர்கள் வரி வசூலித்த ஊர்த்தலைவர்களைத் தாக்கியது அதனால்தான். சாயா சானை 1931 நவம்பரில் தூக்கிலிட்டார்கள்.

அதற்காக நம்மவர்களைக் கழுவித் துடைத்துக் காட்டவும் வேண்டாம். யாங்கூன் மொகல் தெருக் கிட்டங்கிகளுக்கு, அதாவது செட்டியார்களின் வட்டிக்கடைகளுக்கு, வேண்டியது ரொக்கம்தான், நிலமல்ல. கடன் வராததால் ஈட்டு நிலம் கைக்கு வந்தது. ஆனால் அந்த நிலத்திலேயே குத்தகைக்கு உழ நேர்ந்தவருக்கு இந்த விளக்கம் எதற்கு ஆகும்? இன்னொன்றையும் அவள் எழுதட்டும்: பர்மாவுக்கு வந்த தமிழர்களில் பெரும்பாலோர் கிட்டங்கிக்காரர்கள் அல்ல, கூலிகள்.

ஒப்பிட ஒரு உதாரணம் வேண்டுமானால் அதே பர்மாவில் 1987 செப்டம்பர். 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஒரே நாளில், மாற்றித் தராமலே, செல்லாமல் போயின. மாணவர்கள் அன்றே தெருவுக்கு வந்தார்கள், மறுவருஷம் 8-8-88 அன்று நாடு தழுவிய மக்கள் எழுச்சி. அங்கேயும் நாள்பட்ட வறுமை இருந்தது. பொறி வைத்தது திடீர் இழப்பு.

சரி, கட்டுரையை அந்த 5 ரூபாயிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். வீட்டில் பழைய பெட்டியில் 75 கியாட் நோட்டு ஏதும் கிடந்தால் அதையும் ஒட்டிக் கொடுக்கட்டும்.