கையால் செய்த காய்கள்: வாசகர் கேள்வி பதில்

பலகை விளையாட்டுகளுக்கான காய்கள், பகடைகள், வில்லைகள், பெட்டித் தடுப்புகள் ஆகியவற்றைத் தாமே செய்துகொள்ளும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது.

கேள்வி: சதுரங்கக் காய்களை மரத்தில் நானே செதுக்க விரும்புகிறேன். எந்தக் காய் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? வழக்கமான உருவங்களை விட்டுவிட்டு விலங்குகளின் உருவத்தில் செய்தால் ஆடுவதற்கு இடைஞ்சலாக இருக்குமா?

பதில்: போட்டிகளில் பயன்படும் காய்களுக்கு ஃபிடே என்னும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு பரிந்துரைக்கும் உயரங்கள் இவை: ராஜா 9.5 செ.மீ., ராணி 8.5, மந்திரி 7, குதிரை 6, யானை 5.5, சிப்பாய் 5. காயின் அடிப்பகுதி அதன் உயரத்தில் 40 முதல் 50 சதவீதம் வரை அகலமாக இருக்க வேண்டும் என்பதும், கட்டத்தின் பக்க அளவு சிப்பாயின் அடி விட்டத்தைப் போல் குறைந்தது இரு மடங்கு இருக்க வேண்டும் என்பதும் அதே பரிந்துரையில் உண்டு. வீட்டில் ஆடுவதற்கு இவ்வளவு பெரிய காய்கள் கட்டாயமில்லை. ஆனால் விகிதத்தைக் கைவிடாதீர்கள். முதலில் ஒரே ஒரு சிப்பாயைச் செய்து பாருங்கள். அதன் அடி 2 செ.மீ. என்றால் கட்டம் குறைந்தது 4 செ.மீ. ஆக வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும். மற்ற காய்களின் அளவை அதிலிருந்து கணக்கிட்டுக் கொள்ளலாம்.

விலங்கு உருவங்களைத் தாராளமாகச் செய்யலாம். ஆனால், ஆடுபவர் பலகையைப் பார்த்தவுடன் நிலைமை புரிய வேண்டும்; எது யானை, எது மந்திரி என்று ஒவ்வொரு முறையும் உற்றுப் பார்க்க நேர்ந்தால், எவ்வளவு அழகான காயும் சில ஆட்டங்களுக்குப் பிறகு அலமாரிக்குப் போய்விடும். 1849-இல் நத்தானியல் குக் இங்கிலாந்தில் பதிவு செய்த ஸ்டான்டன் வடிவம் இன்றும் போட்டிப் பலகைகளில் நிலைத்திருக்கிறது. ஒவ்வொரு காயையும் அதன் தலையின் வெளிக்கோட்டை வைத்தே இனம் கண்டுகொள்ள முடிவதுதான் அதற்குப் பெரிய காரணம் என்று கருதுகிறேன். உங்கள் விலங்குகளுக்கும் அப்படி ஒரு வெளிக்கோடு அமைய வேண்டும்: ஒன்றுக்குக் கொம்பு, ஒன்றுக்கு நீண்ட கழுத்து, ஒன்றுக்குத் தட்டையான தலை என்று பிரித்துக்கொண்டு, உயர வரிசையை மட்டும் மாற்றாமல் வைத்திருங்கள்.

இதற்கு நல்ல முன்மாதிரி, ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1831-இல் கண்டெடுக்கப்பட்ட காய்கள். 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கருதப்படும் அவை பெரும்பாலும் வால்ரஸ் என்னும் கடல் விலங்கின் தந்தத்தில் செதுக்கப்பட்டவை. ராஜாவும் ராணியும் அரியணையில் அமர்ந்திருக்கிறார்கள். யானைக்கு ஈடாக நிற்கும் காவல் வீரர்களுள் சிலர் தம் கேடயத்தின் மேல் விளிம்பைப் பல்லால் கடித்தபடி, விழிகள் பிதுங்க நிற்கிறார்கள். இவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கிய கைகள் சிப்பாய்களுக்கு முகமே கொடுக்கவில்லை. அவை நட்டுவைத்த சிறு கற்பலகைகளைப் போல வெறுமையாக நிற்கின்றன. பலகையில் எண்ணிக்கை மிகுந்த காயை எளிமையாக விட்டதால்தான் மற்றவற்றின் முகங்கள் எடுப்பாகத் தெரிகின்றன. நீங்களும் பதினாறு சிப்பாய்களுக்கு எளிய வடிவத்தைக் கொடுத்துவிட்டு, உங்கள் உழைப்பை மற்றவற்றில் செலவிடுங்கள்.

மரக்காய்கள் எடை குறைவாக இருந்தால் கை பட்டவுடன் சாயும். அடியில் துளையிட்டு, உள்ளே இரும்பு வாஷர்களை எபாக்ஸி பசையால் ஒட்டி, துளையை மூடி ஃபெல்ட் துணியை ஒட்டுவது போதும். ஈயம் நஞ்சு, அதைத் தவிர்த்துவிடுங்கள். ஃபெல்ட் வட்டத்தைக் காயின் விளிம்பைவிட ஒரு மயிரிழை சிறியதாக வெட்டினால், நாளடைவில் ஓரம் பிரிந்து வராது. ஆளி விதை எண்ணெய் பூசுவதாக இருந்தால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: அந்த எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிப் போட்டால், அது காற்றோடு வினைபுரிந்து சூடேறித் தானாகவே தீப்பிடிக்கக் கூடும். வேலை முடிந்ததும் துணியை வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

கேள்வி: ரெசினில் பகடைகளை வார்த்து உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றியிருக்கிறேன். 6 அடிக்கடி விழுகிறது என்று உடன் ஆடுபவர்கள் சொல்கிறார்கள். அறுபது முறை உருட்டிப் பார்த்ததில் 6 பதினான்கு முறை விழுந்தது. உண்மையா என்று எப்படிக் கண்டறிவது?

பதில்: அறுபது முறை உருட்டியதில் 6 பதினான்கு முறை விழுந்தது என்பதை வைத்து எதையும் முடிவு செய்துவிடாதீர்கள். குறையற்ற பகடையில் சராசரியாகப் பத்து முறை விழ வேண்டும் என்றாலும், மூன்று நான்கு கூடுவதும் குறைவதும் இயல்பான ஏற்ற இறக்கம்தான். 600 முறை உருட்டிக் குறித்துக்கொண்டால் படம் தெளிவாகும்: எதிர்பார்ப்பு 100, இயல்பான விலகல் சுமார் 9. 6 விழுந்தது 120-ஐத் தாண்டினால் சந்தேகப்படலாம்; 130-ஐத் தாண்டினால் பகடையில் கோளாறு என்றே கொள்ளலாம். அலுப்பான வேலை என்றாலும், நாலு பேர் சேர்ந்து உருட்டினால் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும்.

உருட்டிக் குறித்த பட்டியலே கோளாறின் வகையையும் காட்டிக் கொடுக்கும். பகடையின் எதிரெதிர் முகங்களின் கூட்டுத்தொகை 7 என்பதால் 6-க்கு எதிரே 1 இருக்கும். 6 கூடி 1 குறைந்திருந்தால் எடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் 6-இன் அருகே காற்றுக்குமிழி சிக்கியிருக்கும், அல்லது அழகுக்காகப் போட்ட உலோகத் துகள்கள் இறுகுவதற்குள் 1-இன் பக்கம் படிந்திருக்கும். 6, 1 இரண்டுமே கூடியிருந்தால் அந்த இரு முகங்களுக்கு இடையே உள்ள தூரம் மற்ற திசைகளைவிடக் குறைந்திருக்கிறது. அந்த முகங்களை அதிகமாகத் தேய்த்துவிட்டீர்கள். தட்டையாகிப்போன பகடை தன் அகன்ற பக்கத்தில் படுக்கவே விரும்பும்.

எடைக் கோளாறைக் கண்டறிய ஒரு எளிய வழி உண்டு. ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் உப்பை மேலும் கரையாத அளவுக்குக் கரைத்துப் பகடையைப் போட்டால், எபாக்ஸி ரெசினில் வார்த்தது மிதக்கும். விரலால் சுண்டிச் சுழற்றிவிட்டு, எந்த முகம் மேலே வந்து நிற்கிறது என்று பாருங்கள். சுழற்றும் ஒவ்வொரு முறையும் பகடை மெல்லப் புரண்டு அதே முகத்தை மேலே கொண்டுவந்தால் அங்கே எடை குறைவு. இந்தச் சோதனை வடிவக் கோளாறைக் காட்டாது என்பதால், வெர்னியர் காலிப்பரால் மூன்று திசைகளையும் தனியே அளக்க வேண்டும்.

அடுத்த முறை வார்க்கும்போது ரெசினை லேசாகச் சூடாக்கி நிதானமாகக் கலக்குங்கள். குமிழிகள் எளிதில் மேலேறும். எண்களுக்கான குழிகளைச் சூதாட்ட விடுதிகளுக்கான பகடைகளில் அதே அடர்த்தியுள்ள பொருளால் நிரப்பி மட்டமாக்குவார்கள். வீட்டுப் பகடைக்கு அவ்வளவு கண்டிப்பு வேண்டாம் என்றாலும், குழிகளை ஆழமாகத் தோண்டாமல் இருப்பது நல்லது. பிளாட்டினம் வகைச் சிலிகோனில் அச்சு எடுக்கிறீர்கள் என்றால், கந்தகம் கலந்த களிமண்ணும் லேடெக்ஸ் கையுறையும் அதன் அருகே வரக்கூடாது. பட்ட இடத்தில் சிலிகோன் இறுகாமல் கொழகொழவென்று நின்றுவிடும். நைட்ரைல் கையுறையே நல்லது. இறுகாத எபாக்ஸி தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை உண்டாகி, பிறகு அந்தப் பொருளைத் தொடவே முடியாத நிலை வரலாம். இறுகிய ரெசினைத் தேய்க்கும்போது தண்ணீரில் நனைத்தே தேயுங்கள், தூசு மூச்சில் போகாது.

கேள்வி: பையிலிருந்து பார்க்காமல் எடுக்க வேண்டிய அட்டை வில்லைகள் நைந்துவிட்டன. மெல்லிய மரப்பலகையில் வெட்டிப் புதிதாகச் செய்ய எண்ணுகிறேன். கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: உங்கள் விரல்கள் எதையும் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதைத்தான். ஒரு வில்லையின் ஓரம் மற்றவற்றைவிடச் சற்று மழுங்கியிருந்தாலும், மேலே பூசிய வண்ணம் தடித்திருந்தாலும், இரண்டு மூன்று ஆட்டங்களுக்குள் கை அதைக் கற்றுக்கொள்ளும். ஆடுபவர் ஏமாற்ற நினைக்காவிட்டாலும் கைக்குத் தெரிந்துவிடும். ஆகவே எல்லா வில்லைகளையும் ஒரே பலகையிலிருந்து வெட்டி, ஒன்றாக அடுக்கிப் பிடித்து ஓரங்களை ஒரே நேரத்தில் தேயுங்கள். படத்தைச் செதுக்காமல் அச்சிட்டு ஒட்டுங்கள். மேசை மீது கவிழ்த்து வைக்கும் வில்லைகள் என்றால் மரத்தின் ரேகையே அடையாளமாகிவிடும் என்பதால், பின்பக்கம் முழுவதையும் ஒரே வண்ணத்தால் மூடுங்கள். எந்நாளும் சீராக வராது என்று தோன்றினால், நாணயம் சேகரிப்பவர்கள் பயன்படுத்தும் வட்டமான பிளாஸ்டிக் உறைகளில் போட்டுவிடுவது சிறந்த வழி; உள்ளே இருப்பது அட்டையோ மரமோ, தொட்டால் ஒன்றுபோலவே இருக்கும்.

தொலைந்துபோன ஒரே ஒரு சீட்டைச் செய்பவர்களுக்கும் இது பொருந்தும். பல விளையாட்டுகளில் வரும் சீட்டின் அளவு 63 × 88 மி.மீ.; அந்த அளவில் அச்சிட்டுக் கொண்டு, கட்டு முழுவதற்கும் பின்பக்கம் ஒளி ஊடுருவாத உறைகளை மாட்டிவிடுங்கள்.

கேள்வி: எங்களோடு ஆடும் ஒருவருக்குச் சிவப்புக் காயும் பச்சைக் காயும் ஒன்றுபோலத் தெரிகின்றன. காய்களுக்கு மறுவண்ணம் பூசினால் போதுமா?

பதில்: வண்ணத்தை மட்டும் நம்பாதீர்கள். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதத்தினருக்குச் சிவப்பு-பச்சை நிறங்களைப் பிரித்தறிவதில் ஏதோ ஒரு அளவில் குறை உண்டு. மற்ற மக்களிடமும் இது அரிதன்று. வெளிர் நிறமும் அடர் நிறமுமாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, கைப்பேசியில் கறுப்பு-வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். படத்தில் பிரித்தறிய முடிந்தால் மேசையிலும் முடியும். அதைவிட உறுதியான வழி, ஒவ்வொருவரின் காய்க்கும் ஒரு வடிவ அடையாளத்தைச் சேர்ப்பது: ஒருவருடையதற்கு உச்சியில் ஒரு வெட்டு, இன்னொருவருடையதற்கு நடுவில் ஒரு வளையம், மூன்றாமவருடையது வெறுமையாக. மாலை மங்கிய வெளிச்சத்தில் ஆடும்போது அது எல்லோருக்குமே உதவும்.

கேள்வி: பெட்டிக்குள் தடுப்புகள் செய்ய ஃபோம் போர்டு ஏற்றதா?

பதில்: ஏற்றது, 5 மி.மீ. தடிமன் போதும். ஸ்பிரே பசைகள் பலவும் உள்ளிருக்கும் நுரையைக் கரைத்துவிடும் என்பதால் வெள்ளை மரப்பசையைப் பயன்படுத்துங்கள். மழுங்கிய கத்தி நுரையைப் பிய்க்கும்; பிளேடைத் தயங்காமல் மாற்றுங்கள். சீட்டுகளை உறையிட்ட பிறகே அளந்து, அறைக்கு 2 மி.மீ. தாராளம் விட்டு, விரல் நுழைய ஒரு பிறை வடிவ வெட்டும் வைத்தால் சீட்டுகளை எடுக்கப் பெட்டியைக் கவிழ்க்க வேண்டியிருக்காது.

கேள்வி: பாலிமர் களிமண்ணில் செய்து சுட்ட சிறு விலங்குக் காய்கள் சில வாரங்களில் பிசுபிசுக்கத் தொடங்கிவிட்டன. ஏன்? இவற்றைச் சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் வைத்திருக்கலாமா?

பதில்: பெரும்பாலும் மேலே அடித்த ஸ்பிரே வார்னிஷ்தான் காரணம். பாலிமர் களிமண் பி.வி.சி. துகள்களோடு அதை இளக்கும் எண்ணெய் போன்ற பொருள் கலந்தது. ஸ்பிரேயில் உள்ள கரைப்பான்கள் பல அதோடு வினைபுரிந்து எந்நாளும் காயாத பரப்பை உண்டாக்கும். நீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷைத் தூரிகையால் பூசுவது பாதுகாப்பானது. அதையும் பயனற்றுப்போன ஒரு காயில் முதலில் சோதியுங்கள். போதிய சூட்டில் சுடாததும் இன்னொரு காரணமாக இருக்கலாம். வகைக்கு வகை 110 முதல் 130 டிகிரி செல்சியஸ் வரை வேறுபடும் என்பதால் உறையில் அச்சிட்ட அளவைப் பின்பற்றி, அடுப்புக்குள் தனி வெப்பமானி வைத்துச் சரிபாருங்கள். கருகும் அளவுக்குச் சூடேறினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியேறும். அப்படி நேர்ந்தால் அடுப்பை அணைத்துச் சன்னல்களைத் திறந்துவிடுங்கள்.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் கைக்கு இந்தக் காய்கள் எட்டக் கூடாது. சுமார் 32 மி.மீ. விட்டமுள்ள குறுகிய சோதனைக் குழாய்க்குள் முழுதாக அடங்கும் பொருளைத் தொண்டை அடைக்கும் அளவுள்ளதாகப் பொம்மைப் பாதுகாப்பு விதிகள் கருதுகின்றன. உங்கள் காய்களில் பெரும்பாலானவை அதற்குள் போய்விடும். காயின் அடியில் காந்தம் பதித்திருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல்: விழுங்கிய இரண்டு காந்தங்கள் குடலின் சுவர்களை நடுவே வைத்து ஒன்றையொன்று இழுத்து, அந்த இடத்தைத் துளைத்துவிடக் கூடும். அப்படிப்பட்ட வீட்டுக்குச் செய்யும் காய்களில் காந்தம் வைக்காமல், அடியை அகலமாக்கி நிலைநிறுத்துங்கள். இனிமேல் செய்யும் காய்களைச் சுடுவதற்கு முன் பிளாஸ்டிக் தட்டிலோ பெட்டியிலோ வைக்காதீர்கள். சுடாத களிமண் பல பிளாஸ்டிக்குகளை இளக்கி ஒட்டிக்கொள்ளும். கண்ணாடித் துண்டின் மீது உருவாக்கி, அந்தக் கண்ணாடியோடே சுட எடுத்துச் சென்றால் அடிப்பகுதியும் மட்டமாக அமையும்.