மணிலாவும் ஹனோயும் – கடிதம்

வணக்கம்.

தென் சீனக் கடல் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். பிலிப்பைன்ஸ் அமெரிக்காவை நம்பி நின்று சீனக் கப்பல்களிடம் தண்ணீர் பீரங்கி அடி வாங்குகிறது. வியட்நாமோ யாருடனும் சேராமல் அப்போதைய அமெரிக்க அதிபர் பைடன், சீனாவின் ஷி ஜின்பிங், ரஷ்யாவின் புடின் மூவரையும் வரவேற்று வியாபாரத்தைக் கவனிக்கிறது. சிறிய நாடுகள் பக்கம் சாயாமல் வணிகத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதாதா?

கே.

அன்புள்ள கே.,

பக்கம் சாயாமல் இருந்தால் செலவு மிச்சம் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிலிப்பைன்ஸே அந்த வழியில் ஆறு ஆண்டுகள் போய்ப் பார்த்த நாடுதான்.

2012 ஏப்ரலில், இருவரும் உரிமை கோரும் ஸ்கார்பரோ திட்டில் சீன, பிலிப்பைன்ஸ் கப்பல்கள் எதிரெதிரே நின்றன. அடுத்த சில வாரங்களில், பிலிப்பைன்ஸ் வாழைப்பழத்தில் பூச்சி இருப்பதாகச் சொல்லி சீனத் துறைமுகங்களில் சோதனையை இறுக்கினார்கள். கன்டெய்னருக்குள்ளேயே பழம் அழுகியது. திட்டு இருப்பது பிலிப்பைன்ஸின் வடக்குத் தீவான லூசோனுக்கு மேற்கே; வாழை விளைவது தெற்கே மிண்டனாவோவில். அந்தக் கடலைக் கண்ணால்கூடப் பார்த்திராத விவசாயி அதற்கு விலை கொடுத்தார்.

மணிலா 2013இல் சர்வதேச நடுவர் மன்றத்தில் சீனாவுக்கு எதிராக வழக்குப் போட்டது. 2016 ஜூலை 12இல் வந்த தீர்ப்பு, தென் சீனக் கடலின் பெரும்பகுதியை வளைத்துச் சீனா வரைபடத்தில் போட்டிருக்கும் ஒன்பது கோட்டுக்குள் அது கோரும் வரலாற்று உரிமைக்குச் சட்ட அடிப்படை இல்லை என்றது. சீனா அதை ஏற்கவில்லை. புதிதாக அதிபரான டுடெர்டே தீர்ப்பைப் பேசாமல் ஓரமாக வைத்துவிட்டு, அதே அக்டோபரில் பீஜிங்கில் அமெரிக்காவை விட்டுப் பிரிவதாக அறிவித்தார். 2,400 கோடி டாலர் அளவுக்கு முதலீடும் கடனும் தருவதாக வாக்குறுதிகள் வந்தன. பெரும்பகுதி வாக்குறுதியாகவே நின்றுவிட்டது.

கடலிலும் ஒன்றும் தணியவில்லை. 2019 ஜூன் 9 நள்ளிரவில் ரெக்டோ திட்டருகே நங்கூரமிட்டிருந்த பிலிப்பைன்ஸ் மீன்பிடிப் படகை ஒரு சீனக் கப்பல் இடித்துவிட்டுப் போயே போய்விட்டது. 22 மீனவர்கள் தண்ணீரில் தத்தளித்தார்கள். அவர்களைத் தூக்கிக் காப்பாற்றியது ஒரு வியட்நாம் படகு. அந்தக் கடற்பகுதிக்கு வியட்நாமும் உரிமை கோருகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். மணிலாவில் அதிபரோ இதை ஒரு சிறிய கடல் விபத்து என்றார். அந்த மீனவர்களின் இடத்திலிருந்து இதை யோசிக்கும்போது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது வியட்நாம். ராணுவக் கூட்டணி இல்லை, ஒருவருக்கு எதிராக இன்னொருவரோடு சேர்வதில்லை, அந்நியத் தளம் இல்லை, படைபலத்தைக் காட்டி மிரட்டுவதில்லை என்ற அதன் நான்கு மறுப்புகள் 2019 பாதுகாப்பு வெள்ளை அறிக்கையில் இருக்கின்றன. இவை வெறும் சாந்த குணத்திலிருந்து வந்தவை அல்ல. 1979இல் சீனப் படை எல்லை தாண்டி வந்தது. 1988இல் ஜான்சன் தெற்குத் திட்டில் 64 வியட்நாமியர் கொல்லப்பட்டார்கள். 2014 மே மாதம் இரு நாடுகளும் உரிமை கோரும் பாரசெல் தீவுகள் அருகே சீனா எண்ணெய்த் துரப்பண மேடையைக் கொண்டுவந்து நிறுத்தியபோது ஹனோய் தன் கடலோரக் காவல்படையை அனுப்பியது. வெளிநாட்டுச் செய்தியாளர்களையும் கப்பலில் ஏற்றிக் காட்டியது. ஜூலையில் மேடை விலகியது. ஆகஸ்டில் ஹனோயின் சிறப்புத் தூதர் பீஜிங் போனார். அக்டோபரில் அமெரிக்கா ஆயுதத் தடையை ஓரளவு தளர்த்தியது. மோதல், சமாதானம், புதிய நட்பு, எல்லாம் ஆறே மாதத்தில்! இன்றும் வியட்நாம் தென் சீனக் கடலின் ஸ்ப்ராட்லி தீவுக்கூட்டத்தில் தன் திட்டுகளை மண் கொட்டி விரிவாக்கிக்கொண்டே இருக்கிறது.

அதுவும் முழு வெற்றியல்ல. 2017, 2018இல் சீன நெருக்குதலால் ஸ்பெயினின் ரெப்சோல் நிறுவனத்தின் எண்ணெய்த் துரப்பணத்தை வியட்நாம் நிறுத்த வேண்டியிருந்தது. அதன் தொழிற்சாலைகளுக்கு உதிரிப்பாகம் சீனாவிலிருந்து வருகிறது. சரக்கை அதிகம் வாங்குவது அமெரிக்கா. 2025 ஏப்ரலில் அதே அமெரிக்கா 46 சதவீத வரி என்று அறிவித்ததும் ஹனோய் பதறியடித்துப் பேச்சுவார்த்தைக்கு ஓடியது. நண்பனும் நெருக்குவான்.

ஆகவே கூட்டணியா வணிகமா என்று கேட்பதைவிட, எந்தப் பொருளை வாங்கவோ விற்கவோ ஒரே ஒரு வாசல்தான் இருக்கிறது என்று கேட்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2010இல் சீனாவும் ஜப்பானும் உரிமை கோரும் சென்காகு தீவுகள் பற்றிய தகராறின்போது, மின்னணுப் பொருட்களுக்கும் காந்தங்களுக்கும் வேண்டிய அரிய மண் தனிமங்கள் சீனாவிலிருந்து ஜப்பானுக்கு வருவது தடைபட்டது. டோக்கியோ அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தையும் விடவில்லை, சீன வணிகத்தையும் அறுக்கவில்லை. ஆஸ்திரேலியச் சுரங்க நிறுவனமான லைனஸுக்குப் பணம் கொடுத்து இன்னொரு வாசலைத் திறந்தது. பல ஆண்டுகள் பிடித்த, கைப்பணம் போட்ட வேலை அது.

மணிலாவும் இப்போது பேசாமல் இல்லை. 2024 ஜூனில் ஸ்ப்ராட்லியின் அயுங்கின் திட்டருகே சீனாவோடு நடந்த மோதலில் ஒரு பிலிப்பைன்ஸ் மாலுமி கட்டைவிரலை இழந்தார். அடுத்த மாதமே, அங்கே தரைதட்டி நிற்கும் பிலிப்பைன்ஸ் கப்பலில் உள்ள வீரர்களுக்கு உணவும் பொருட்களும் கொண்டுபோக சீனாவோடு ஓர் ஏற்பாடு ஆயிற்று. இருவரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. அமெரிக்காவுடனான 1951 பாதுகாப்பு ஒப்பந்தமும் அப்படியே இருந்தது. இந்தப் பாதையை நான் ஆதரிக்கிறேன். அதோடு ஒன்று சேர வேண்டும்: அடுத்த முறை துறைமுகத்தில் பழம் நின்றால், அந்த நஷ்டத்தை மிண்டனாவோ விவசாயியின் தலையில் கட்டாமல் நாட்டின் பாதுகாப்புச் செலவாகவே அரசு எழுதிக்கொள்ள வேண்டும்.