தங்கையின் பணத்துக்கு யார் மேலாளர்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அரசு ஊழியன். ஐந்தாண்டுகளாக நான் வைத்திருக்கும் லார்ஜ் கேப் மியூச்சுவல் ஃபண்டு, நண்பரின் ஸ்மால் கேப் ஃபண்டைவிட மிகக் குறைவாகவே வளர்ந்திருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதன் மேலாளரும் மாறிவிட்டார். அம்மாவின் வீட்டை விற்றதில் தங்கைக்குச் சேர வேண்டிய 14 லட்சமும் என் பெயரில் இதிலேயே இருக்கிறது. அவள் கணக்குக் கேட்டதே இல்லை. அடுத்த தை மாதம் அவள் மகளுக்குத் திருமணம். நியமனதாரர் (நாமினி) என் மனைவி. புதிய மேலாளரின் திறமையை எப்படி எடைபோடுவது?
- திருச்சி வாசகர்

பதில்: மேலாளரைப் பற்றிய பகுதியை முதலில் முடித்துவிடுகிறேன். லார்ஜ் கேப் ஃபண்டு, சந்தை மதிப்பில் முதல் 100 இடங்களில் உள்ள நிறுவனங்களில் தன் பணத்தில் குறைந்தது 80 சதவீதத்தை முதலீடு செய்ய வேண்டும் என்பது 2017இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வகுத்த விதி. நண்பரின் ஃபண்டோ 251ஆம் இடம் முதலான சிறு நிறுவனங்களில் 65 சதவீதத்தையாவது போட்டாக வேண்டும். இவற்றை ஒப்பிட்டு மேலாளரைக் குறை சொல்வது நியாயமில்லை. நூறு பெரிய நிறுவனப் பங்குகளின் போக்கை ஈவுத்தொகையையும் சேர்த்துக் கணக்கிடும் நிஃப்டி 100 டிஆர்ஐ குறியீட்டோடு ஒப்பிடுங்கள், அதையும் புதியவர் பொறுப்பேற்ற நாளிலிருந்து மட்டும் பாருங்கள். ஐந்தாண்டு வருமானத்தில் முதல் மூன்றாண்டு முன்னவருடையது. இரண்டாண்டை வைத்து நான் எவரையும் தீர்ப்பிட மாட்டேன்.

"அவள் கணக்குக் கேட்டதே இல்லை" என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் குறை சொல்லும் மேலாளரின் நிறுவனம், யாரும் கேட்காமலே வணிக நாள்தோறும் என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் அன்றைய மதிப்பை, வெளியிடுகிறது, எந்தப் பங்கில் எவ்வளவு என்று மாதந்தோறும் பட்டியல் தருகிறது. தங்கையின் 14 லட்சத்துக்கு மேலாளர் நீங்கள். அவளுக்கு ஒரு வரியாவது எழுதிக் கொடுத்தீர்களா? அவள் கேட்காதது நம்பிக்கையாலா, அல்லது கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்ற அச்சத்தாலா? எனக்குக் கடிதம் எழுதும் தங்கைகள் பெரும்பாலும் இரண்டாவதையே சொல்கிறார்கள்.

அடுத்த தையில் தேவைப்படும் பணத்தைப் பங்குச் சந்தையில் விட்டு வைத்திருப்பதற்கு எந்த மேலாளரையும் பொறுப்பாக்க முடியாது. 2020 ஜனவரியில் 12,000க்கு மேல் இருந்த பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி, மார்ச் 23 அன்று 7,610இல் முடிந்தது. அப்படியொரு மார்கழி வந்தால், தாய்மாமன் என்று மணவறையில் எந்த முகத்தோடு நிற்பீர்கள்?

இந்த வாரமே தங்கையின் பங்கை, அதன் வளர்ச்சியோடு சேர்த்து, விற்று அவள் வங்கிக் கணக்கில் போடுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட யூனிட்டுகளின் லாபத்தில் 1.25 லட்சத்தைத் தாண்டும் தொகைக்கு உங்கள் பான் எண்ணில் 12.5 சதவீத வரி வரும்; அவள் பங்குக்குரிய வரியை எழுதிக் காட்டிக் கழித்துக்கொள்ளலாம். பார்த்துக்கொண்டதற்குக் கூலி என்று ஒரு ரூபாயும் கழிக்கக் கூடாது. தாய்மாமன் சீரை இந்தப் பணத்திலிருந்தே செய்துவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். சீர் உங்கள் ஓய்வூதியத்திலிருந்து வர வேண்டியது.

கணக்கைக் கொடுக்கப் போகும்போது மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். நாளை உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால் யூனிட்டுகள் முழுவதும் அவர் கைக்கே போகும். அதில் 14 லட்சம் நாத்தனாருடையது என்பது அவருக்குத் தெரியும் என்று உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை.