வரைகிற பெண்ணுக்கு ஆர்க்கிடெக்சர் எதற்கு?

அம்மா, உங்கள் மகளைப் பற்றி, "எந்நேரமும் பெயின்டிங்தான் சார், இது சோறு போடுமா?" என்று கண்கலங்கக் கேட்டீர்கள். கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். அது போதாது.

ஆர்க்கிடெக்சர் வேண்டாம். "அதுவும் வரைகிற படிப்புதானே" என்கிறார் அவளுடைய பெரியப்பா. இல்லை, அது கட்டடம் கட்டுகிற படிப்பு, 5 ஆண்டு. அந்த ஆசை உள்ள பிள்ளைக்கு அருமையான படிப்பு. உங்கள் மகளுக்கு அந்த ஆசை துளியும் இல்லை, தனியாகக் கேட்டுவிட்டேன். இதற்காக நிலத்தை அடமானம் வைத்து மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ப்பதை நான் ஒப்பவே மாட்டேன். வட்டி கட்டப்போவது நீங்கள், பெரியப்பா இல்லை.

அவள் கொண்டுவந்த ஓவியப் பலகைகளைத் திருப்பிப் பார்த்தீர்களா? ஒரே கிணற்றுச் சுவரை 11 முறை வரைந்திருக்கிறாள், வெயிலில், மழையில், பாசி ஏறிய பிறகு. ஒவ்வொன்றின் பின்னாலும் என்ன வண்ணம், என்ன பசை, எத்தனை நாளில் காய்ந்தது என்ற குறிப்பு. ஒன்றில் வண்ணம் வெடித்துப் பிளந்திருந்தது. காரணத்தையும் அவளே எழுதியிருக்கிறாள்: எண்ணெய் வண்ணம் ஆக்சிஜனை உறிஞ்சி மெதுவாகத்தான் இறுகும், அதற்குள் மேலே சீக்கிரம் காய்ந்துவிடும் அக்ரிலிக் வண்ணத்தைப் பூசிவிட்டாள். இதைப் படித்ததும்தான் எனக்கு வழி தெரிந்தது.

அனிமேஷன், டிசைன், ஓவிய ஆசிரியர் வேலை எல்லாம் நீங்கள் கேள்விப்பட்டவைதான், விடுங்கள். நான் சொல்வது பழைய ஓவியங்களைப் பாதுகாக்கும் துறை, கன்சர்வேஷன்.

தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் வரலாற்றாய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டார். பிற்காலத்தில் தொல்லியல் துறையினர் மேலடுக்கைச் சுரண்டி எறியவில்லை. அதையும் சிதையாமல் பெயர்த்துக் கண்ணாடியிழைப் பலகையில் பொருத்தி, இரண்டையும் காப்பாற்றினார்கள். இந்தத் துறையின் அன்றாட வேலையும் அப்படிப்பட்டதுதான். உரிந்து நிற்கும் வண்ணத்துக்குள் ஊசியால் பசை செலுத்துவார்கள். பஞ்சில் கரைப்பான் தொட்டு, பழுத்துப்போன வார்னிஷை விரலளவு விரலளவாக எடுப்பார்கள். உதிர்ந்த இடத்தை நிரப்பும்போது, பின்னால் வருகிறவர் அகற்றக்கூடிய வண்ணத்தையே பயன்படுத்துவார்கள். ஓவியரின் கையும் வேதியியலும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும். அவளிடம் இரண்டுமே முளைவிட்டிருக்கின்றன.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இதற்கான ஆய்வகம் 1930இலேயே தொடங்கிவிட்டது. லக்னோவில் தேசிய ஆய்வகம் 1976 முதல் இருக்கிறது. முதலில் சென்னை அல்லது கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் 4 ஆண்டு பி.எஃப்.ஏ. என்ற கவின்கலை இளநிலைப் பட்டம், பிறகு கன்சர்வேஷனில் முதுகலை. அரசுக் கல்லூரி என்பதால் நிலம் தப்பும். பிளஸ் டூவில் வேதியியல் படித்திருக்கிறாள், அந்தப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. தொடக்கத்தில் பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான், சம்பளமும் குறைவு, சாரத்தில் ஏறி மணிக்கணக்கில் அண்ணாந்தபடி நிற்கவேண்டி வரும். அவளிடமும் சொன்னேன். "சாரம் எத்தனை அடி இருக்கும் சார்?" என்றுதான் கேட்டாள்.

படிக்கிற காலத்திலும் அவள் சொந்தமாக வரைவதை நிறுத்தச் சொல்லாதீர்கள், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கல்லூரி நுழைவுத் தேர்வில் வரைந்து காட்ட வேண்டும், தினமும் பழகட்டும். அந்த 11 பலகைகளையும் பரணில் ஏற்ற வேண்டாம். ஈரச் சுவரில் சாய்க்காமல், குறிப்புகள் அழியாமல் எடுத்து வையுங்கள்.